பெயர், திகதி, ஊர்

நிலாவெளி வீதியில் ஏழரை பஸ்
எங்களை இறக்கிவிடும்.
நாலு பேர் புல்லுக்கு, இரண்டு பேர் தண்ணிக்கு,
நான் பெயர்களுக்கு.

காகம் எச்சமிட்ட இடத்தை
ஈரத்துணியால் துடைப்பேன்.
பத்து வருடத்தில் எழுத்துக்கூட்டாமலே
வாசிக்கப் பழகிவிட்டது விரல்.

கேட்டடிச் சுவரில் சின்ன இரும்புக் கதவு,
உள்ளே பார்வையாளர் புத்தகம்.
வருகிறவர்கள் பெயரைக் கிறுக்குவார்கள்,
ஊரை மட்டும்
ஒவ்வொரு எழுத்தாய் நிறுத்தி எழுதுவார்கள்.

போன மாரியில் ஒரு கடிதம்.
எல்மர்ஷம் என்ற ஊர்,
ரொய் பெனிஃபோல்ட், ஓய்வுபெற்ற தபால்காரர்.
ஊரின் கதையைத் தொகுக்கிறாராம்.
பாலத்தடித் தூணில் பதினொரு பெயர்,
பத்துக்குப் படம் கிடைத்தாயிற்று,
"பதினோராவது உங்களிடம் இருக்கிறான்."

இருந்தான். நாலாவது வரிசை, வேம்பின் நிழல் விழாத பக்கம்.
கிளிட்டன், வயது பத்தொன்பது.
வெயில் சரியும்வரை காத்திருந்து
போனில் எடுத்து அனுப்பினேன்.

அதோடு முடிந்திருக்கலாம்.
மனிசன் விடவில்லை.
பக்கம் பக்கமாய் எல்மர்ஷம் வந்தது.
வெள்ளத்தில் பள்ளிக்கூட மணி மிதந்தது,
பேக்கரிக்காரர் இரண்டு கலியாணம் கட்டியது,
கிளிட்டன் சைக்கிளில் பாண் கொண்டுபோய்
பாதி வீட்டைத் தவறவிட்டது.
திருகோணமலையிலிருந்து அவன் எழுதிய கடைசிக் கடிதத்தில்
ஒரு வரி:
*கோட்டைக்குள் மான்கள் திரிகின்றன அம்மா,
சந்தையில் மாடு நிற்பதுபோல.*
அம்மா நம்பவில்லையாம்.
அதிகாரிகள் சொல்லித்தந்த பொய் என்றாளாம்,
சாகும்வரை.

போயா விடுமுறைக்கு டவுனுக்குப் போனேன்.
கோட்டை வாசலைத் தாண்டி
ஒரு கலைமான் கச்சான் சரையைத் தின்றுகொண்டிருந்தது.
எடுத்து அனுப்பினேன்.
யாருக்கு என்று கேட்டால்
எனக்கும் தெரியாது.

பதிலில் தபால்காரர் கேட்டார்:
"உங்கள் ஊரைப் பற்றியும் எழுதுங்களேன்."

என் ஊர் நாவலடிக்குளம்.
குச்சவெளி தாண்டிப் போகிற பஸ்
இப்போது அங்கே நிற்பதில்லை.
பலகையில் வேறு பெயர்.

தொடங்கினேன், வேலைப் பட்டியலின் முதுகில்.
குளத்துக்கு இரண்டு துருசு, மேற்குத் துருசு ஒழுகும்.
சங்கக்கடை மனேச்சர் யோகநாயகம்
நிறுவையில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.
(ஏமாற்றினவர்தான். அவர் இல்லாத இடத்தில்
அதை எழுத மனமில்லை.)
டிரக்டர் வைத்திருந்த சின்னராசா,
அந்த டிரக்டரில்தான் எங்கள் ஒழுங்கை முழுக்க
ஒரே இரவில் வெளிக்கிட்டது,
அடுப்பில் பால் இருந்தது.

பெயர்களுக்கு வந்தபோது பேனை நின்றது.
எங்கள் ஒழுங்கையிலேயே பதினொன்று முடிந்துவிட்டது,
இன்னும் சந்திக்கு வரவில்லை.
அண்ணா குகதாசனை எங்கே வைப்பது?
வயதுப்படியா, போன திகதிப்படியா?
திகதி யாருக்குத் தெரியும்?

தூண் உள்ள ஊர்க்காரரிடமே கேட்டேன்.
உடனே எழுதினார்:
"நாங்கள் அகரவரிசை.
பண்ணைக்காரர் மகனும் பாண்காரப் பெடியனும்
அடுத்தடுத்து நிற்கிறார்கள்.
ஒருவர் பெயரில் எழுத்துப்பிழை,
எழுபது வருடமாய்ச் சண்டை நடக்கிறது."

சிரித்தேன்.
பிழை பிடிக்கிறதற்கும்
ஒரு கல் வேணும்.

நேற்று மத்தியானம்
மற்றவர்கள் வேம்படியில் சோறு தின்றுகொண்டிருக்க
இரும்புக் கதவைத் திறந்தேன்.
வேலையாட்கள் அதில் எழுதக் கூடாது.
ஓவசியர் கைகழுவப் போயிருந்தார்.

பெயர்: கு. தவமலர் என்று எழுதி
திகதி போட்டு
மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது
எல்லாரையும்போல நானும்
ஒவ்வொரு எழுத்தாய் நிறுத்தினேன்.
நா. வ. ல. டி.
குளம் என்பதற்கு இடம் போதவில்லை,
கோட்டைத் தாண்டிப் போயிற்று.

குறிப்பு என்ற இடத்தில்
மேலே எல்லாரும்
அமைதி, அழகு, நன்றி
என்று எழுதியிருந்தார்கள்.
நான் எழுதினேன்:

மேற்குத் துருசு ஒழுகும்.
மாரிக்கு முதல் யாராவது பார்க்கவும்.